விரஜ பூமியில் ஒன்பது நாட்கள்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இம்மேடையில் இதற்கு முன் பேசியவர்கள் பெரும்புலமை வாய்ந்தவர்கள். கம்பனையும் இளங்கோவையும் நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்தியவர்கள். நானோ கோப்புகளுக்கு நடுவே காலம் கழிக்கும் குமாஸ்தா. என்னைப் பேசச் சொன்ன காரியதரிசி அவர்களிடம், "எனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டேன். "ஹோலி பார்க்கப் போனீரே, அதைச் சொல்லும்" என்றார். ஆகவே, 2019ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 13ஆம் தேதி முதல் 21ஆம் தேதி வரை, என் அன்னையாருடனும் மனைவியுடனும் விரஜ பூமியில் செய்த யாத்திரையைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அதில் என்னுடைய குற்றம் ஒன்றும் கலந்திருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஹோலி என்றால் நம் காலனித் தமிழ்க் குடும்பங்கள் என்ன செய்து வந்தன என்பது உங்களுக்குத் தெரியாததன்று. காலை ஏழு மணிக்கே கதவைத் தாளிட்டுவிடுவோம். சன்னல் திரையை இழுத்துவிடுவோம். பிற்பகல் இரண்டு மணிக்கு, தெருவில் சத்தம் ஓய்ந்த பின்னர், ஒரு கண் அளவு திறந்து பார்ப்போம். என் வீட்டிலும் அப்படித்தான். 2013இல் மட்டும் தவறிவிட்டது. ஊரிலிருந்து வந்திருந்த என் தந்தையார், விஷயம் அறியாமல், புது வேட்டி உடுத்தித் திண்ணையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் ஒரு கோஷ்டியுடன் வந்து, ஒரு வாளிச் சாயநீரை அப்படியே அவர் தலையில் கவிழ்த்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தை அளவிட்டுச் சொல்ல முடியாது. அன்று தொடங்கி ஆறு ஆண்டுகள் அந்த மனிதருடன் நான் பேசவில்லை.

அவர் ரயிலில் கார்டாகப் பணிபுரிபவர். 2022 முதல் அப்பதவிக்கு டிரெயின் மானேஜர் என்று பெயர் மாறியிருக்கிறது. சொந்த ஊர் நந்தகாவ். விடுப்பு விண்ணப்பங்கள் என் மேசைக்குத்தான் வரும். 2014இல் ஹோலிக்கு முன்பாக அவர் எட்டு நாள் விடுப்புக் கேட்டு எழுதியிருந்தார். காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரியம்' என்று இருந்தது. அது போதாது, விவரம் தேவை என்று குறிப்பு எழுதித் திருப்பினேன். விவரத்தோடு மீண்டும் வந்தது. அதை இழுப்பறையில் வைத்துவிட்டு, மறந்தவனைப் போல இருந்தேன். விதியில் அதற்கு இடம் இருந்ததா என்று கேட்டால், இல்லை. நாள் கடந்துவிட்டது. அவர் அந்த ஆண்டு ஊருக்குப் போகவில்லை.

அவ்வளவுதான் எனக்கு அப்பொழுது தெரியும். மற்றதைப் பின்னர் சொல்கிறேன்.

2016இல் என் தந்தையார் காலமானார். அன்னையார் எங்களுடன் வந்து சேர்ந்தார். அவர் திருவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். திருப்பாவை முப்பதும் மனப்பாடம். "ஆண்டாள் பாடிய வடமதுரை இங்கேதானே பக்கத்தில் இருக்கிறது? என்னை ஒரு தடவை கூட்டிக்கொண்டு போகக்கூடாதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நாம் வாய்க்கு வந்தபடி 'மதுரா, மதுரா' என்று சொல்லிக்கொண்டு அந்த ஸ்டேஷனைத் தாண்டித் தாண்டிப் போகிறோம். அது திவ்ய தேசம் நூற்றெட்டில் ஒன்று என்ற நினைவு நமக்கு எங்கே இருக்கிறது?

எப்படியோ இச்செய்தி பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. என் மனைவியும் அவ்வீட்டு அம்மாளும் நம்மைப் போல மௌன விரதம் பூண்டவர்கள் அல்லர். ஒருநாள் மாலை அவரே என் வாசலில் வந்து நின்றார். "மாதாஜியை ஹோலிக்கு எங்கள் ஊருக்கு அழைத்து வாருங்கள். பர்சானாவில் என் தமக்கை வீடு இருக்கிறது, மொட்டை மாடியிலிருந்து பார்க்கலாம்" என்றார். அன்னையார் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

அன்னையாருக்கு முழங்கால் வலி. பத்து அடி நடந்தால் உட்கார வேண்டும். ஆகவே ஒரு நாளைக்கு ஓர் இடம்தான் என்று வைத்துக்கொண்டோம். அது எங்களுக்குப் பேருதவியாயிற்று. மதுரையில் முதல் நாள் முழுவதும் விசிராந்திக் கட்டத்திலேயே கழிந்தது. கம்சனைக் கொன்ற களைப்புத் தீரக் கண்ணன் இளைப்பாறிய துறை என்பது ஐதீகம். அன்னையாரும் அப்படியே இளைப்பாறினார். அந்தியில் யமுனைக்கு ஆரத்தி எடுத்தார்கள். படியருகே ஆமைகள் தலை நீட்டின. யமுனையின் நீரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லாதிருப்பதே நலம். தில்லியைக் கடந்து வரும் ஆறு எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அன்னையார் மட்டும் ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார்.

விரஜத்தில் ஹோலி என்பது ஒருநாள் கூத்தன்று. வசந்த பஞ்சமியன்று கோயில்களில் குலால் பொடி தூவத் தொடங்கினால், ஏறத்தாழ நாற்பது நாள் அது நடக்கிறது. பங்குனி வளர்பிறை அட்டமியில் பர்சானாவில் லட்டு வீசும் ஹோலி. நவமியில் அங்கேயே தடியடி ஹோலி. தசமியில் அது நந்தகாவில். ஏகாதசியில் பிருந்தாவனத்தில் வண்ணம். பௌர்ணமி இரவு ஹோலிகா தகனம். மறுநாள் நம் தெருவில் நாம் பார்த்து அஞ்சும் துலேண்டி. அதற்கும் மறுநாள் பலதேவ் என்னும் ஊரில் ஹுரங்கா. முழுவதையும் பார்க்க வேண்டுமானால் ஒரு மாத விடுப்பு வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது ஒன்பது நாள்.

லட்டு வீசும் நாளின் நெரிசலை நாங்கள் நாடவில்லை. நவமியன்று விடியற்காலையிலேயே பர்சானா போய்ச் சேர்ந்தோம். குன்றின் மேல் ராதையின் கோயில். அங்கே அவளுக்கு லாட்லி, அதாவது செல்ல மகள் என்று பெயர். அன்னையார் படிக்கு ஒருமுறை என்று சொல்லலாம், அவ்வளவு முறை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். கூட்டம் சேருமுன் தரிசனம் ஆகிவிட்டது. பிறகு மொட்டை மாடியில் இடம் பிடித்தோம். அவ்வீட்டார் முற்றத்தில் பெரிய அண்டாவில் டேசூப் பூவை ஊற வைத்திருந்தார்கள். பார்த்தால், அது நம்முடைய புரசம்பூ! புரசைவாக்கத்துக்குப் பெயர் கொடுத்த மரந்தான். அதன் சாறு இளமஞ்சளும் காவியும் கலந்த நிறம். கண்ணில் பட்டாலும் எரிச்சல் இல்லை. கடைகளில் விற்கும் ரசாயனச் சாயத்துக்கும் இதற்கும் வெகுதூரம்.

பிற்பகலில் நந்தகாவ் ஆடவர்கள் வந்தார்கள். கண்ணன் தோழரோடு ராதையின் ஊருக்கு வந்து கேலி செய்ததாகவும், அவ்வூர்ப் பெண்கள் தடியெடுத்து விரட்டியதாகவும் கதை. இன்றும் நந்தகாவார் தங்களைக் கண்ணன் பக்கத்தாராகவே எண்ணுகிறார்கள். ஊருக்கு வெளியே பீலி போக்கர் என்னும் குளக்கரையில் தங்கித் தலைப்பாகையைக் கனமாகச் சுற்றிக் கட்டிக்கொள்கிறார்கள். கையில் தோல் கேடயம். குன்றேறித் தரிசித்து, இரண்டு ஊராரும் எதிர் எதிராக அமர்ந்து விரஜ மொழியில் ஏசலும் எதிர்ப்பாட்டும் பாடுகிறார்கள். அதன் பின் இறங்கி, ரங்கீலி கலி என்னும் குறுகிய தெருவுக்கு வருகிறார்கள். அங்கே முக்காடிட்ட பெண்கள் மூங்கில் தடிகளுடன் காத்திருக்கிறார்கள்.

அன்பர்களே, அது விளையாட்டு அடி என்று நான் எண்ணியிருந்தேன். அன்று! ஆடவன் மண்டியிட்டுத் தலைக்கு மேல் கேடயத்தைப் பிடிக்க, ஒவ்வொரு அடியும் பறை அறைந்தாற்போல் விழுகிறது. அவன் திருப்பி அடிக்கக் கூடாது. சிரித்துக்கொண்டே பாட்டால் சீண்டலாம். பிடிபட்டவனுக்குச் சேலை உடுத்தி ஆடவிடுவார்கள். அடிப்பவர்கள் பர்சானாவின் மருமக்கள். ஆண்டு முழுவதும் மாமனார் முன்னிலையில் முக்காடு எடுக்காதவர்கள். இதை மதுரை ஜில்லாக் கலெக்டராக இருந்த க்ரௌஸ் துரை 1877இலேயே நேரில் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்.

கூட்டத்தின் நடுவே நம் நண்பரைக் கண்டோம். ஐம்பதை நெருங்கும் மனிதர். பச்சைக் கொடி காட்டும் அதே கையில் கேடயம். ஒல்லியான ஓர் அம்மாள் அவரை விடாமல் அடித்துக்கொண்டிருந்தாள். என் அன்னையார், "ஐயோ பாவம், போதும் என்று சொல்லுங்களேன்!" என்று தமிழில் கூவினார். யாருக்குக் கேட்கும்?

அன்று இரவு, எட்டுக் கிலோமீட்டர் தொலைவில் உள்ள நந்தகாவில் அவர் வீட்டில் தங்கினோம். அவர் தோளில் ஒரு தடிப்பு. மனைவியார் மஞ்சளும் எண்ணெயும் சுடவைத்துத் தடவினார். சுவரில் இன்னொரு கேடயம் மாட்டியிருந்தது. பழையது, ஓரம் தேய்ந்தது. யாருடையது என்று கேட்டேன். தந்தையாருடையது என்றார். "கடைசியாக 2014இல் எடுத்துச் சென்றார். நான் பக்கத்தில் இருக்க வேண்டிய ஆண்டு. அவருக்கு எழுபது தாண்டிவிட்டது; நான் வருவேன் என்று குளக்கரையில் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு தனியே போனார். அடுத்த ஹோலிக்கு அவர் இல்லை."

எனக்கு ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை. அவர் மனைவியார் உள்ளே போனதும் சொல்லிவிட்டேன். விண்ணப்பத்தில் குறை ஒன்றும் இல்லை என்றும், நான்தான் வேண்டுமென்றே வைத்துக்கொண்டேன் என்றும் சொன்னேன். அவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "எந்த இழுப்பறையில்?" என்று கேட்டார். "இரண்டாவதில்" என்றேன். தலையை அசைத்தார். எழுந்து போய் மாட்டுக்கு வைக்கோல் போட்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மூலையில் படுத்திருந்த அன்னையார் உறங்கவில்லை. ஹிந்தி முழுவதும் புரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது. "அப்பாவுக்காகவா அப்படிச் செய்தாய்? அவருக்குக் கோபமே இல்லையடா. அந்த வேட்டியை வெளுக்கப் போடவே அவர் விடவில்லை. ஊரில் எல்லாருக்கும் விரித்துக் காட்டி, ஹோலி ஆடிவிட்டு வந்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீ யாரைக் கேட்டாய்?" என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்வது?

மறுநாள் நந்தகாவில் பர்சானா ஆடவர்கள் அடிபட்டார்கள். முறை மாறிய அதே காட்சி. நண்பர் விருந்தினரை உபசரிப்பதிலேயே இருந்தார். இவ்விரண்டு ஊர்களும் தம்முள் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில்லை என்று அவர் சொன்னார். ராதையும் கண்ணனும் இருக்கும் உறவு ஒன்றே போதுமாம்.

அதன்பின் மதுரை திரும்பி, பிருந்தாவனத்துக்கு மீட்டர் கேஜ் ரயில் பஸ்ஸில் சென்றோம். ஒற்றைப் பெட்டி, பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் தூரம், வேகம் மாட்டுவண்டியைக் காட்டிலும் சற்று மேல். அன்னையாருக்கு அது மிகவும் பிடித்தது. பின்னாளில் அந்தச் சேவை நின்றுவிட்டது. பிருந்தாவனத்தில் இறங்கியதும் குரங்கு ஒன்று அன்னையாரின் மூக்குக் கண்ணாடியைப் பறித்துக்கொண்டு மதில் மேல் ஏறிவிட்டது. ஒரு பொட்டலம் மாம்பழச் சாறு எறிந்த பின்னரே கண்ணாடி கீழே விழுந்தது. அங்கே இது அன்றாட வியாபாரம். கண்ணாடி அணிந்தவர்கள் கவனமாக இருக்கவும்.

ஏகாதசியன்று பாங்கே பிஹாரி கோயிலுக்கு நானும் என் மனைவியும் மட்டும் போனோம். இதைச் சொல்லாமல் விட்டால் என் உரை பொய்யாகிவிடும். உள்ளே திரையை மூடி மூடித் திறக்க, அந்த ஒருகணத் தரிசனமும் மேலிருந்து பொழிந்த வண்ணநீரும் மறக்க முடியாதவை. ஆனால் வெளிச்சந்தில் மூச்சுவிட இடமில்லை. கூட்டத்தைச் சாக்காக வைத்து, யாரோ ஒருவன் என் மனைவியிடம் தகாத முறையில் நடந்துகொண்டான். திரும்பிப் பார்ப்பதற்குள் முகம் முகத்தோடு கலந்துவிட்டது. எல்லா முகமும் ஒரே நிறம். அவள் அறைக்கு வந்து வெகுநேரம் அழுதாள். பயத்தினால் அன்று, கோபத்தினால். பர்சானாவில் தடி பெண்கள் கையில் இருந்தது, இங்கே இல்லை. பெண்மக்களை அழைத்துச் செல்பவர்கள் அந்தச் சந்துக்கு அந்த நாளில் போகாதீர்கள். வேறு நாளில் அதே பிஹாரி அங்கேயே இருக்கிறார்.

மீதி நாட்கள் ரங்கஜி கோயிலில் கழிந்தன. நம் நாட்டுக் கோபுரத்தை அங்கே காணும்போது ஏற்படும் உணர்ச்சியை என்னால் வருணிக்க இயலவில்லை. ரங்கதேசிக சுவாமிகளைக் குருவாகக் கொண்ட மதுரைச் சேட்டுக் குடும்பத்தார் 1845இல் தொடங்கி 1851இல் கட்டி முடித்தது. நாற்பத்தைந்து லட்சம் ரூபாய் செலவானதாக க்ரௌஸ் எழுதுகிறார். பொன் தகடு வேய்ந்த கொடிமரம். உள்ளே ரங்கமன்னாரும் கோதையும், திருவில்லிபுத்தூரில் போலவே. நாச்சியார் திருமொழியின் இறுதிப் பகுதியில் பிருந்தாவனத்தைப் பாடியவள், ஆயிரம் ஆண்டு கழித்து இங்கேயே வந்து குடியிருக்கிறாள். அன்னையார் தூணோரம் அமர்ந்து முப்பது பாசுரங்களையும் மெல்லச் சொன்னார். சொல்லி முடிக்கையில் வெள்ளைச் சேலை அணிந்த வங்காளத்து மூதாட்டி ஒருவர் அருகே அமர்ந்திருந்தார். அவ்வூரில் ஆதரவற்று வாழும் விதவைகள் ஏராளம். வண்ணம் தொடக்கூடாது என்றிருந்த அவர்களும் 2013 தொடங்கிக் கூட்டமாக ஹோலி ஆடுகிறார்கள். அம்மூதாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு சிட்டிகைக் குலாலை எடுத்து என் அன்னையாரின் கன்னத்தில் தடவினார். இருவருக்கும் பொதுமொழி கிடையாது. தந்தையார் போன பின் எந்த நிறத்தையும் நெற்றியில் தொடாத அன்னையார், அன்று இரவு வரை முகம் கழுவவில்லை.

தேய்பிறையில் அக்கோயிலில் பிரம்மோற்சவமும் தேரும் நடக்கும். அதைக் காண எங்களுக்கு விடுப்பு இல்லை. துலேண்டியன்று மாலை ரயிலேறி விட்டோம்.

2020 சனவரியில் நண்பரின் விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. எட்டு நாள். காரணம் என்ற இடத்தில், கொட்டை எழுத்தில், 'பர்சானாவில் பெண்களிடம் அடி வாங்குவதற்காக' என்று ஹிந்தியில் எழுதியிருந்தார். விவரம் போதும் என்று குறித்து, அன்றே மேலதிகாரியின் கையெழுத்துக்கு அனுப்பினேன்.