‘பசியாறியாச்சா?’



மலேசியாவின் திகாம் பத்துப் பக்கம் காலையில் ஒருவரையொருவர் பார்த்தால் முதலில் கேட்பது ‘பசியாறியாச்சா?’ என்றுதான். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் அந்தக் கேள்விக்குக் கனம் இருந்தது. விடியுமுன் ஆளெண்ணும் பெரட்டுக்குப் போய், மரம் மரமாக நடந்து வெட்டி, வாளிப் பாலைச் சுமந்து வந்தவர்களுக்குத் தட்டு நிறையச் சோறும் கட்டிப்பால் தேநீரும் வேண்டித்தான் இருந்தன. இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் பீடோங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் வரை வந்துவிட்டார்கள். நாள் முழுக்க நாற்காலிதான். சாப்பாடு மட்டும் இன்னும் தோட்டத்துக் கணக்கு.

2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே 31.4. 2023 ஆய்வு சொன்னது இன்னும் உறுத்தும்: 18 முதல் 29 வயதுக்குள் நீரிழிவு இருந்தவர்களில் 84 விழுக்காட்டினருக்கு அது இருப்பதே தெரியாது. பட்டம் வாங்கும் வயதும் அதுதான்.

இரவு பதினொரு மணிக்கு மாமாக் உணவுக் கடையைப் பாருங்கள். ரொட்டி சானாய் வருகிறது, கூடவே தே தாரிக். கண்ணாடிக் குவளையில் கட்டிப்பால் அடியில் தங்காதபடி ஆற்றியே கொடுத்துவிடுகிறார்கள். எவ்வளவு சீனி குடித்தோம் என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. 2019 ஜூலையில் அரசாங்கம் சீனிப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி போட்டது. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் வரி. பின்னர் அதைக் கூட்டவும் செய்தது. ஆனால் அது டின்னிலும் போத்தலிலும் வருவதற்குத்தான். தேநீர் கலக்குபவரின் கரண்டிக்கு வரி கிடையாது. அங்கே பாலும் சீனியும் இல்லாத தேநீருக்கு ‘தே ஓ கோசோங்’ என்று மாணவரே சொல்லியாக வேண்டும். அதன் விலையும் குறைவு, மாதக் கடைசியில் அதுவே பெரிய காரணம்.

சுகாதார அமைச்சு ‘சுக்கு சுக்கு செப்பாரு’ என்கிறது: கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ முட்டையோ தெம்பேயோ, அரைத் தட்டு காய்கறியும் பழமும். கடையில் நடப்பது வேறு. முதலில் சோறு குவிந்துவிட்டால் கீரைக்கு ஓரத்தில்தான் இடம். சோற்றைத் தட்டில் போடுமுன்பே வாயைத் திறக்க வேண்டும்.

‘அண்ணே, சோறு பாதி போதும். அந்தக் காங்கோங் கீரை இன்னொரு கரண்டி.’

அண்ணன் ஒரு மாதிரி பார்ப்பார். இரண்டாம் வாரம் கேட்காமலேயே வைப்பார்.