பட்டறைத் தண்ணி யார் தெருவுக்குப் போகிறது?

(திருவண்ணாமலையில் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறைத் தோழர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பௌர்ணமிக்குப் பௌர்ணமி இந்த ஊருக்கு லட்சக்கணக்கில் ஜனம் வருது. 14 கிலோமீட்டர் மலையைச் சுத்துது. வர்ற வண்டியில இடிச்சது, உரசினது, நசுங்கினது எல்லாம் நம்ம பட்டறைக்குத்தான் வருது. தட்டி நிமிர்த்தி, பட்டி வச்சு, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்ச்சு, பிரைமர் அடிச்சு, பெயிண்ட் அடிச்சுப் பளபளன்னு அனுப்புறோம். வண்டி சுத்தமாப் போயிடுது. அழுக்கு எங்கே போச்சு? இதைக் கேட்கத்தான் வந்தேன்.

பட்டறை வாசல் சாக்கடை கூடவே நடந்து பாருங்க. அது மேட்டுக்குப் போகாது, பள்ளத்துக்குத்தான் போகும். பள்ளத்துல யாரைக் குடி வச்சிருக்காங்கன்னு நான் சொல்லணுமா?

1927 மார்ச் 20ஆம் தேதி மகாத்தில் சவுதார் குளத்துத் தண்ணீரை அம்பேத்கர் கையில் அள்ளிக் குடித்தார். குளம் தீட்டாயிடுச்சுன்னு சாதி இந்துக்கள் சாணியும் கோமியமும் கொட்டிச் 'சுத்தம்' செய்தார்கள். குடிக்கிற தண்ணியில சாணியைக் கொட்டுறது சுத்தம், மனுசன் கை பட்டா அசுத்தம்! இந்த நாட்டில் சுத்தம் என்பதே தன் அழுக்கை அடுத்தவன் தலையில் தள்ளுவதுதான். தீட்டு என்பது பொய். மாசு என்பது நிஜம். பொய்க்குக் காவல் போட்டவர்கள் நிஜத்தைத் திறந்து விட்டார்கள்.

அந்தத் தண்ணியில என்ன இருக்கு? மஞ்சள் பெயிண்டுக்கு நிறம் தர லெட் குரோமேட் சேர்ப்பதுண்டு. அதில் ஈயமும் உண்டு, குரோமியமும் உண்டு. பழைய வண்டியைத் தேய்க்கும்போது அதுதான் கரைஞ்சு ஓடுது. பெயிண்டர் வேலையே புற்றுநோய் வரவழைக்கும் வேலை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் 1989லேயே வகைப்படுத்திவிட்டது. நம்ம நாட்டில் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்கிற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆனா அது வீட்டுப் பெயிண்டுக்கும் அலங்காரப் பெயிண்டுக்கும் மட்டும். வண்டிப் பெயிண்டுக்கு அந்த விதி இல்லை. வீட்டுக்காரன் சுவரைக் காப்பாத்தியாச்சு. பட்டறைப் பையன் நெஞ்சு?

குரோமியம் என்ன செய்யும்னு தெரிய தூரம் போக வேண்டாம். 1989 வரைக்கும் நாமும் வடஆற்காடு மாவட்டம்தான். அங்கே பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைக் கழிவால் ஏறக்குறைய 35,000 எக்டேர் நிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழானதை உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தன் தீர்ப்பில் பதிவு செய்தது. 'மாசு செய்தவனே செலவை ஏற்கணும்' என்றும் சொன்னது. அப்புறமும் 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டையில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டிச் சுவர் இடிஞ்சு, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்தார்கள். தீர்ப்பு மேலே இருக்கு, சேறு கீழே வருது.

இப்போ தண்ணியை மிச்சம் பண்ணணும்னு எல்லாரும் பேசுறாங்க. சரிதான். ஆனா ஜாக்கிரதை தோழர்களே. வாட்டர் பேப்பர்ல தண்ணி ஊத்துறது தூசியை அடக்கத்தான். தண்ணி மிச்சம்னு சொல்லி உலர்ந்த பேப்பரைப் பையன் கையில கொடுத்தா, சாக்கடைக்குப் போன ஈயம் அவன் நுரையீரலுக்குப் போகும். உலர்வாத் தேய்க்கணும்னா தூசியை உறிஞ்சுற மிஷின் வேணும், முகமூடி வேணும். அதை முதலாளி வாங்கித் தரட்டும். அதுவரைக்கும் தண்ணிதான்.

அந்தத் தண்ணியை எப்படிக் குறைக்கிறது? ஓஸைத் திறந்து விட வேண்டாம், பக்கெட் போதும். ஓஸ்ல ஒரு பக்கெட் எத்தனை விநாடியில நிறையுதுன்னு பாருங்க, எவ்வளவு வீணாகுதுன்னு புரியும். தேய்ச்ச தண்ணியைத் தொட்டியில தெளிய விட்டு, மேல் தண்ணியை அடுத்த வண்டியின் முதல் தேய்ப்புக்கு எடுக்கலாம். அடியில தங்குற சேற்றை ரோட்டுல கொட்டாம மூட்டை கட்டி வையுங்க, அது அபாயக் கழிவு. ஸ்பிரே கன் கழுவின தின்னரை மூடின டப்பாவில் தெளிய வைத்து மறுபடி முதல் கழுவலுக்கு எடுக்கலாம். பழைய ஆயில் ஒரு சொட்டும் சாக்கடைக்குப் போகக் கூடாது. அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் போகணும்னு 2016 அபாயக் கழிவு விதியே சொல்லுது.

இன்னொண்ணு. தின்னர் ஆவி காற்றை விடக் கனமானது. சாக்கடையில ஊத்தினா குழிக்குள்ள தங்கி நிக்கும், நெருப்புப் பட்டாப் பத்திக்கும். அந்தக் குழியில இறங்க விடப்படுறது யாரு? நம்ம அருந்ததியர் தோழன். 2013 சட்டம் பாதுகாப்பில்லாம இறக்குறது குற்றம் என்கிறது. இறக்குறது நிக்கல. நாம ஊத்துற தின்னர் நம்ம ஆள் மூச்சுக்குத்தான் போகுது.

செலவை யார் ஏற்கிறது? வாங்குற கூலியில் பாதி டீக்குப் போற தோழன் தலையில் கட்டாதீங்க. பெயிண்ட் கம்பெனி, பட்டறை முதலாளி, வண்டிக்காரன் மூணு பேரும் ஏற்கணும். பட்டறைகளுக்குப் பொதுவான கழிவுத் தொட்டியும், மூட்டைகளை எடுத்துப் போகிற ஏற்பாடும் மாநகராட்சியிடம் கேட்போம்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. அடுத்த வாரம் ஆளுக்கு ஒரு பட்டறை. சாக்கடை எங்கே தொடங்கி எந்தத் தெருவில் முடியுதுன்னு நடந்து போய்த் தாளில் வரைஞ்சு கொண்டாங்க. அந்தப் படத்தையும் ஊரின் சாதிப் படத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு வைப்போம். அப்புறம் மனு எழுதுவோம்.