பூச்சிக்கொல்லித் தடை: சுமை யார் தலையில்?



2017ஆம் ஆண்டின் பருத்திப் பருவத்தில், மராட்டியத்தின் யவத்மால் மாவட்டத்தில், மருந்து தெளித்த விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களுமாக 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் கிடந்தனர். அவ்வாண்டு பருத்திச் செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. தெளிப்பானை உயர்த்திப் பிடித்தவரின் முகத்திலும் மார்பிலும் நஞ்சு படிந்தது. கையுறையும் முகமூடியும் அணியாதது தொழிலாளியின் பிழை என்றார்கள். கூலிக்குத் தெளிப்பவருக்கு அவற்றை வாங்கிக் கொடுக்க வேண்டியவர் யார்? பாதுகாப்பு உடையும் மருத்துவப் பரிசோதனையும் 1971ஆம் ஆண்டின் விதிகளிலேயே எழுதப்பட்டுள்ளன.

அந்த விதிகளுக்கு அடிப்படையான 1968ஆம் ஆண்டுச் சட்டமும் பிணங்களின் மீதுதான் பிறந்தது. 1958இல் பாரத்தியான் கலந்த கோதுமை மாவை உண்டு கேரளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சட்டம் வரப் பத்தாண்டு ஆயிற்று. 2020 மே மாதம் 27 மருந்துகளைத் தடை செய்ய ஒன்றிய அரசு வரைவு ஆணை வெளியிட்டது. 2023இல் இறுதி ஆணை வந்தபோது உடனடித் தடைக்கு உள்ளானவை மூன்றே. மோனோகுரோட்டோபாஸ் 36 விழுக்காட்டுத் திரவத்துக்குக் கால அவகாசம் தரப்பட்டது.

சந்தை கேட்டால் மட்டும் வேகம் வருகிறது. நெல் குலை நோய்க்கான ட்ரைசைக்ளசோலின் எச்ச அளவை ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமாகக் குறைத்தது. 2022இல் பஞ்சாப் அரசு பாசுமதி ஏற்றுமதிக்காகப் பத்து மருந்துகளின் விற்பனையை 60 நாட்கள் நிறுத்தியது. சரியான நடவடிக்கைதான். ஆனால் ஐரோப்பியரின் தட்டுக்குக் கிடைத்த கவனம் யவத்மால் தொழிலாளியின் மூச்சுக்குக் கிடைக்கவில்லை.

தடை விதித்தால் சாகுபடிச் செலவு ஏறும் என்று நிறுவனங்கள் சொல்கின்றன. இதில் பாதி உண்மை உண்டு; அதை மறைக்கத் தேவையில்லை. காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் தெளிக்கப்பட்ட எண்டோசல்பான் மலிவானது. இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 மே 13 அன்று அதற்குத் தடை விதித்தது. பல பயிர்களில் அதன் இடத்தைப் பிடித்தவை விலை கூடிய மருந்துகள். மாற்று எதையும் அரசு தராமல் தடை மட்டும் போட்டால், கடைக்காரரிடம் கடனுக்கு மருந்து வாங்கும் சிறு விவசாயியின் கணக்கில்தான் அது ஏறும்.

மாற்று இல்லை என்பது மட்டும் பொய். அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், புனுகுலா கிராமத்தினர் பருத்திக்கு மருந்தடித்துக் கடனில் மூழ்கியவர்கள். வேப்பங்கொட்டைக் கரைசல், இனக்கவர்ச்சிப் பொறி, புழுவைக் கையால் பொறுக்குதல் ஆகியவற்றின் துணையோடு இரசாயனப் பூச்சிக்கொல்லியை அவர்கள் கைவிட்டனர். மகளிர் சுய உதவிக் குழுக்கள் முன்நின்றன. இதற்கு உழைப்பு வேண்டும்; வயலுக்கு வந்து கற்றுத்தர ஆளும் வேண்டும். வேளாண் விரிவாக்க ஊழியர் பணியிடம் காலியாகக் கிடந்தால் மருந்துக் கடைக்காரரே ஆலோசகர்.

எனவே விவசாய இயக்கத்தின் கோரிக்கை தடையோடு நிற்க முடியாது. விரிவாக்கப் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். மாற்று முறைக்கு மாறும் விவசாயிக்கு முதல் பருவங்களில் அரசு இழப்பீடு தர வேண்டும். நஞ்சால் பாதிக்கப்பட்டவருக்கான தொகையை உற்பத்தியாளரிடம் வசூலிக்கச் சட்டத்தில் இடம் வேண்டும். 1968 சட்டத்தின்படி முதல் குற்றத்துக்கான அபராதத்தின் உச்சவரம்பு 50,000 ரூபாய். 2008இலும் 2020இலும் மாநிலங்களவையில் அறிமுகமான மசோதாக்கள் எவையும் சட்டமாகவில்லை.