பதிவைத் திறந்தது யார்?



பின்லாந்தில் ஒரு பொது மருத்துவமனை. அங்கே கண் பிரிவில் 1989 முதல் நர்ஸாக இருந்த ஒரு பெண், அதே மருத்துவமனையின் தொற்றுநோய்ப் பிரிவுக்கு நோயாளியாகவும் போய்வந்தார். அவருக்கு எச்.ஐ.வி. அப்போதெல்லாம் நோயாளிகளின் பதிவேட்டை ஊழியர் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்க முடிந்தது. 1992 வாக்கில், கூட வேலை செய்கிறவர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டதோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. டாக்டரிடம் சொன்னார். அதன்பின் விதியை மாற்றினார்கள்: சிகிச்சை தரும் பிரிவின் ஊழியர்கள் மட்டுமே பதிவைப் பார்க்கலாம். அவரை வேறு பெயரிலும் பதிந்தார்கள்.

சரி, அதுவரை பார்த்தவர்கள் யார்? 1996-ல் இந்தக் கேள்வியை அவர் முறைப்படி எழுப்பினார். விடை கிடைக்கவில்லை. அந்தக் கணினியில் கடைசி ஐந்து பார்வைகள் மட்டுமே இருக்கும். அதிலும் பிரிவின் பெயர்தான், ஆள் பெயர் கிடையாது. கோப்பு காப்பகத்துக்குத் திரும்பியதும் அதுவும் அழிந்துவிடும். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். ஆதாரம் போதவில்லை என்று பின்லாந்து நீதிமன்றங்கள் கைவிரித்தன. ஆதாரத்தைச் சேமித்திருக்க வேண்டியது மருத்துவமனை. சேமிக்காததற்குத் தண்டனை நோயாளிக்கு! இதில்தான் எனக்கு மனம் ஆறவில்லை. பார்த்தவர் யாரென்று பின்னால் கண்டுபிடிக்கும்படி 1998 மார்ச்சில்தான் அங்கே பதிவேட்டை மாற்றினார்கள்.

ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2008 ஜூலை 17 அன்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பின்னால் நஷ்டஈடு கேட்கலாம் என்ற சட்டம் மட்டும் போதாது, சம்பந்தமில்லாதவர் பார்க்க முடியாதபடி முதலிலேயே தடுத்திருக்க வேண்டும் என்றது.

இன்றைய தரவுத்தளங்களில் அதற்கு வழி இருக்கிறது. பட்டியலை முழுதாகத் திறப்பது, மூடுவது என்பதோடு நிற்காமல், எந்த வரியை யார் பார்க்கலாம் என்றே விதி எழுதலாம். போஸ்ட்கிரெஸ் என்ற இலவச மென்பொருளில், 2016-ல் வந்த 9.5 பதிப்பிலிருந்து இது உண்டு. ஆனால் பட்டியலின் உரிமையாளர் கணக்கை அந்த விதி தானாகக் கட்டுப்படுத்தாது. அதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். மருத்துவமனையின் மென்பொருள் அந்தக் கணக்கிலேயே இயங்கினால், எழுதிய விதியெல்லாம் வீண்.

மயக்கத்தில் தூக்கிவரும் நோயாளிக்காக வேறு பிரிவு டாக்டரும் பதிவைத் திறக்க வேண்டிவரும். திறக்கட்டும், காரணத்தைப் பதிந்துவிட்டுத் திறக்கட்டும். அவர் பெயரும் நேரமும் அழியாமல் நிற்கட்டும். காலை ஷிப்டுக்காரர் போட்ட பாஸ்வேர்டிலேயே ராத்திரி ஷிப்டும் ஓடுகிற இடத்தில் அந்தப் பெயரை நம்பிப் பயனில்லை. அங்கெல்லாம் ஆளுக்கொரு கணக்கு கொடுப்பதுதான் முதல் வேலை.