சான்றிதழைக் கேட்பது நம் உரிமை



புதுச்சேரியின் வில்லியனூரிலோ பாகூரிலோ வயதான தாய் தந்தையரை நர்சிங் ஹோமில் சேர்க்கும்போது கட்டில் காலியா, டாக்டர் எப்போது வருவார் என்று கேட்கிறோம். பதிவு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

அமெரிக்காவில் முதியோர் மருத்துவப் பராமரிப்பு இல்லத்தின் நிர்வாகி தேர்வெழுதி, மாநில அரசிடம் உரிமம் பெற வேண்டும். நம் நாட்டில் நிர்வாகிக்கு அப்படித் தனி உரிமம் கிடையாது. நிறுவனம்தான் பதிவு பெற வேண்டும். 2010ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் பதிவு, ஒழுங்குமுறைச் சட்டம் 2012 மார்ச் 1 முதல் புதுச்சேரியிலும் நடப்பில் இருக்கிறது.

பதிவு தருவது மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு. தற்காலிகப் பதிவு 1 ஆண்டுக்கும், நிரந்தரப் பதிவு 5 ஆண்டுக்கும் செல்லும். நிர்வாகம் கைமாறினால் அந்தக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். இடம் மாறினால் புதிதாகப் பதிய வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் முதல் முறை 50,000 ரூபாய் வரை அபராதம். மீண்டும் மீண்டும் செய்தால் 5 லட்சம் வரை உயரும்.

பதிவுச் சான்றிதழை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும். கட்டண விவரத்தையும் ஆங்கிலத்தோடு தமிழிலும் எழுதி வைக்க வேண்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். சிகிச்சை தராமல் தங்க இடமும் உணவும் மட்டும் தரும் முதியோர் இல்லங்கள் இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. அங்கே சேர்ப்பதற்கு முன், இரவில் துணைக்கு யார், அவசரத்துக்கு எந்த ஆஸ்பத்திரி, பொறுப்பாளர் யார் என்று நேரில் போய்க் கேளுங்கள். பெற்றவர்களுக்காகக் கேட்பதில் கூச்சம் எதற்கு?