அளந்து வாங்குவோம், அளந்து கொடுப்போம்

 

இம்மாநாட்டின் பொருள் நிலாவாரை. நம் விவசாயிகள் இதை அவுரி என்பார்கள். சாயம் எடுக்கும் நீல அவுரி வேறு. அரேபியா, சூடான், சோமாலியா ஆகிய வறண்ட நாடுகளுக்கு உரிய குறுஞ்செடி இது. அலெக்சாந்திரியா துறைமுகம் வழியே ஐரோப்பா சென்ற சரக்குக்கு அந்த ஊர்ப் பெயரே நிலைத்தது. நெல்லைச் சீமையில் விளைந்து தூத்துக்குடியில் கப்பலேறிய இலையோ 'தின்னவேலி சென்னா' என்று உலக மருந்துச் சந்தையில் பெயர் வாங்கியது. இன்று ராஜஸ்தானிலும் குஜராத்தின் கட்ச் பகுதியிலும் இது பயிராகிறது. ஆகவே, பழைய பெயரை நம்பி மட்டும் நாம் இருந்துவிட முடியாது.

மானாவாரிக்கு இதைவிட இசைவான பயிர் குறைவு. புரட்டாசி, ஐப்பசி மழையை ஒட்டி விதைத்தால் போதும். அதன்பின் வறட்சியைத் தாங்கும். ஆடு மாடுகள் பெரும்பாலும் வாய் வைப்பதில்லை. தாங்காதது ஒன்றே: வேரடியில் தேங்கும் நீர். முதல் பூங்கொத்துகளைக் கிள்ளிவிட்டால் செடி கிளைத்து இலை பெருகும். ஏறத்தாழ மூன்று மாதத்தில் முதல் பறிப்பு.

சரக்கின் மதிப்பு கூடுவதும் குறைவதும் அதற்குப் பிறகுதான். உருவிய இலையை நிழலில் மெல்லிய பரப்பாக விரித்து, அவ்வப்போது கிளறிவிட்டால் மஞ்சள் கலந்த பச்சை நிறம் நிற்கும். ஈரத்தோடு குவித்துவைத்தால் சூடேறிக் கறுக்கும், பூஞ்சை பிடிக்கும். பூஞ்சையால் அஃப்ளடாக்ஸின் என்னும் நஞ்சு சேர்ந்துவிட்டால் ஏற்றுமதிச் சரக்கு மறுக்கப்படும். காம்பையும் மண்ணையும் புடைத்து எடுக்கும் பெண்களின் கைநேர்த்தியும் இந்தத் தரத்தில் அடக்கம். ஆனால் மண்டியில் பெரும்பாலும் எடைக்கும் நிறத்துக்கும்தான் விலை. மருந்துச் சத்துக்கு விலை இல்லை. நன்றாக உலர்த்தியவருக்கும் அரைகுறையாக உலர்த்தியவருக்கும் ஏறக்குறைய ஒரே விலை என்றால், அக்கறை எடுப்பவருக்கு என்ன லாபம்?

அந்த மருந்துச் சத்தின் பெயர் சென்னோசைடு. 1941-இல் ஸ்டோல் என்னும் வேதியியலாளரின் குழுவினர் இதைப் பிரித்தெடுத்தார்கள். இது வயிற்றிலும் சிறுகுடலிலும் பெரிதாக மாறாமல் பெருங்குடலை அடைகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் மாற்றிய பிறகே மலமிளக்கியாக வேலை செய்கிறது. அதற்கு 6 முதல் 12 மணி நேரம் ஆவதால்தான் இரவில் சாப்பிடச் சொல்கிறோம். நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கான மருந்துகளில் ஒன்றாக உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சென்னா இடம்பெற்றிருக்கிறது. நிலாவாரைக்கு நிலவாகை என்றும் பெயர்; நம் நிலவாகைச் சூரணத்தில் இதோடு சுக்கும் ஓமமும் சேர்வது வயிற்றுப் பிசைவை மனத்தில் வைத்துத்தான்.

பயன் இருப்பதாலேயே எச்சரிக்கையும் வேண்டும். குடல் அடைப்பு இருப்பவருக்கும், காரணம் தெரியாத வயிற்றுவலி உள்ளவருக்கும் இது ஆகாது. நீண்ட நாள் தொடர்ந்தால் உடலின் பொட்டாசியம் குறையலாம். உடல் இளைக்க என்று விற்கும் தேநீர்ப் பொட்டலங்களில் இந்த இலையைக் கலப்பது மருத்துவமே அல்ல. குறைவது உடம்பின் நீர், கொழுப்பு அல்ல. மாத்திரையில் அளவு தெரியும். கைப்பிடி இலைக் கஷாயத்தில் அது தெரியாது, இலைக்கு இலை சத்து மாறும்.

ஆக, விவசாயியின் நஷ்டத்துக்கும் நோயாளியின் ஆபத்துக்கும் வேர் ஒன்றே: நாம் சத்தை அளக்காமல் புழங்குகிறோம். புதிய ரகங்களைப் பற்றிய கட்டுரைகள் நிகழ்ச்சி நிரலில் நிறைய உள்ளன, மகிழ்ச்சி. ஆனால் நல்ல ரகத்தின் சத்தும் மோசமான களத்தில் வீணாகும். எனவே அமர்வுகளிடம் மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். ஊராட்சிக்கு ஒரு பொது நிழல் உலர்களம் அமைக்க என்ன செலவாகும் என்று கணக்கிடுங்கள். கொள்முதல் இடத்திலேயே சென்னோசைடு அளவைச் சோதிக்க எளிய, மலிவான முறையைத் தேடுங்கள். சித்த மருத்துவரும் நவீன மருத்துவரும் கூடி உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு, எத்தனை நாள் என்று ஒரே பக்கத்தில் தமிழில் எழுதித் தாருங்கள்.

நிறைவு நாளில் தீர்மானம் வாசிக்கும்போது, இந்த மூன்றுக்கும் பொறுப்பேற்பவர் யார், எப்போது முடிப்பார் என்பதும் அதில் இருக்கவேண்டும். அந்த எதிர்பார்ப்போடு மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன். முதல் அமர்வில் பேச, விவசாயிகளை அழைக்கிறேன்.