மருந்து தொடங்கும் முன்னர்



பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் ரயிலில் ஏறினால், தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் இடத்தில் மீனாட்சிபுரம் என்ற சிறிய நிலையம் வருகிறது. சிற்றூர் வட்டத்தைச் சேர்ந்த ஊர் அது. பெயர் தமிழ்ப் பெயர். கடைத்தெருவில் காதில் விழுவது பெரும்பாலும் தமிழ். அரசாங்கப் பலகைகளில் கண்ணில் படுவது மலையாளம். தென்னந்தோப்புகளும், வாய்க்கால் வரப்புகளும், ஆடுமாடுகளும் நிறைந்த அந்த ஊர்தான் என் அன்னையின் பிறந்தகம். பிழைப்பின் பொருட்டு வெளிமாநிலங்களில் வாழும் உங்களைப் போலவே நானும் பல ஆண்டுகளாக வடக்கே வசிப்பவன். அங்கே மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிகிறேன். நான் மருத்துவன் அல்லேன். ஆயினும் ஒரு காய்ச்சலைப் பற்றியும், அதற்கு மருந்து தொடங்குமுன் உடலை எவ்வாறு ஆயத்தம் செய்ய வேண்டும் என்பதைப் பற்றியும் இன்று உங்களுடன் சிறிது பேச விரும்புகிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை மாதத்தில், மீனாட்சிபுரத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. என் மாமாவுக்கு மூன்று நாட்களாகக் கடுங்காய்ச்சல். தலை பிளக்கும் வலி. ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லலாமா என்று அத்தை கேட்டார். அருகிலிருந்த அம்மாயி, “முதலில் பேதிக்குக் கொடுத்து வயிற்றைச் சுத்தம் செய்யுங்கள். வயிறு சுத்தமானால்தான் மருந்து உடம்பில் ஒட்டும்” என்றார். எண்பது வயதைக் கடந்தவர் சொல். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த நான், “அம்மாயி சொல்கிறபடியே செய்யுங்கள், நாளை மறுநாள் போகலாம்” என்று விடை கூறிவிட்டேன். அந்தச் சொல்லை நான் இன்றும் மறக்கவில்லை.

விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். இரண்டு நாள் பட்டினியும் போட்டார்கள். ஐந்தாம் நாள் மாமாவுக்குச் சிறுநீர் குறைந்தது, மூச்சு வாங்கியது, பேச்சுக் குழறியது. மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது, பணியிலிருந்த இளம் மருத்துவர் தலை முதல் கால் வரை உடலைச் சோதித்தார். அரைஞாண் கயிற்றின் கீழே, சுருட்டு நெருப்புப் பட்டாற்போல் கருத்து உலர்ந்த ஒரு சிறு புண் இருந்தது. அதில் வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. வீட்டில் எவரும் அதைப் பார்த்ததில்லை, மாமாவே பார்த்ததில்லை. அந்தப் புண்ணைக் கண்டவுடன் மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னார். பன்னிரண்டு நாள் கழித்து மாமா உயிரோடு வீடு திரும்பினார். “இரண்டு நாள் முன்னதாக வந்திருந்தால் மாத்திரையோடு போயிருக்கும்” என்று அம்மருத்துவர் அத்தையிடம் கூறினாராம்.

அந்நோயை ஆங்கில மருத்துவர்கள் ஸ்க்ரப் டைஃபஸ் என்பர். தமிழ்ப் பத்திரிகைகள் அதனை உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. மலையாளத்தில் செள்ளுப்பனி என்பது வழக்கு. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். நமக்கோ பனி என்றால் மார்கழிப் பனி. எல்லையில் வாழும் தமிழர் சிலர், கேரளத்து மருத்துவமனையில் ‘பனி’ என்ற சொல்லைக் கேட்டு, குளிர்ச்சியால் வந்த நோய் போலும் என்று எண்ணி வெந்நீர் ஒத்தடத்தோடு நின்றுவிடுவதை நானே கண்டிருக்கிறேன். சொல்லை மாற்றிப் புரிந்துகொண்டால் சிகிச்சையும் மாறிப்போகிறது.

உண்ணி என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மாட்டின் காதிலும் நாயின் கழுத்திலும் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் உண்ணி வேறு. இந்தக் காய்ச்சலைப் பரப்பும் பூச்சி வேறு. பின்னது புல்லிலும் புதரிலும் வாழும் மிக நுண்ணிய சிலந்திப்பேன் இனத்தின் இளம் பருவம். கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறியது. அது கடித்து ஏறக்குறைய 6 முதல் 21 நாட்களுக்குள் காய்ச்சல் தோன்றும். மழைக்காலத்தின் பிற்பகுதியிலும் குளிர் மாதங்களிலும் தென்னாட்டில் இது மிகுதி. மாமா அவ்வாண்டு மழைக்குப்பின் வாய்க்கால் கரையில் ஆடுகளுக்குப் புல் அறுத்தவர்.

உண்மையான உண்ணி கடிப்பதால் வரும் நோய்களும் உண்டு. அவற்றுள் உலகப் பெயர் பெற்றது லைம் நோய். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊரின் சுற்றுவட்டாரத்தில், 1970-களின் நடுவில், பல குழந்தைகளுக்கு ஒருசேர மூட்டு வீக்கம் கண்டதிலிருந்து இந்நோய்க்கு அப்பெயர் வந்தது. திருகுச்சுருள் வடிவமுள்ள ஒரு நுண்கிருமியே காரணம் என்பதை வில்லி பர்க்டார்ஃபர் என்னும் அறிஞர் 1980-களின் தொடக்கத்தில் கண்டறிந்தார். நம் நாட்டில் இது அரிதே. ஆயினும் இல்லாத நோய் அன்று. கேரளத்தில் வயநாட்டிலும், 2024 டிசம்பரில் எர்ணாகுளம் மாவட்டத்திலும் இந்நோய் கண்டறியப்பட்டது. கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் 1957-இல் முதன்முதல் இனங்காணப்பட்ட மற்றோர் உண்ணி நோயைக் கேரளத்தில் குரங்குபனி என்பர். அது வைரஸால் வருவது. அதனை நேராக ஒழிக்கும் மருந்து இன்னும் இல்லை. துணைச் சிகிச்சையே உண்டு. காட்டில் குரங்குகள் மடிந்து கிடந்தால் அஞ்ச வேண்டிய நோய் அது.

ஸ்க்ரப் டைஃபஸுக்கும் லைம் நோய்க்கும் நல்ல மருந்துகள் இருக்கின்றன. டாக்ஸிசைக்ளின் என்ற பழைய மருந்து இரண்டுக்குமே பயன்படுகிறது. ஸ்க்ரப் டைஃபஸ் முற்றியவர்களுக்கு டாக்ஸிசைக்ளின், அஸித்ரோமைசின் ஆகிய இரண்டையும் நரம்பு வழியாகச் சேர்த்துக் கொடுப்பது தனித்தனியே கொடுப்பதைக் காட்டிலும் நலம் என்பதை, வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் தலைமையில் இந்தியாவில் பல மருத்துவமனைகள் கூடி நடத்திய ஆராய்ச்சி 2023-இல் நிலைநாட்டியது. இத்தகைய மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, வயிற்றைச் சுத்தம் செய்கிறோம் என்று நாட்களைக் கடத்துவது எத்தனை பெரிய இழப்பு!

அம்மாயியின் சொல் வெறும் அறியாமையால் வந்ததன்று. உடலைப் பக்குவப்படுத்திப் பின்னரே சிகிச்சை செய்வது ஆயுர்வேதத்தில் ஒரு முறை. எண்ணெய் பூசுதல், வியர்க்கச் செய்தல் என்று முன்வினைகளை முடித்து, அப்பால்தான் பேதி முதலிய சுத்திகளைச் செய்வர். பாலக்காட்டுப் பக்கத்தில் கர்க்கடக மாதத்தில் பலர் அவ்வாறு செய்துகொள்கிறார்கள். அவை நாள் பார்த்து, உடல் நிலை பார்த்து, வைத்தியரின் கண்காணிப்பில் நிதானமாகச் செய்பவை. கடுங்காய்ச்சல் வேறு வகை. அங்கே உடல் ஏற்கெனவே நீரை இழந்துகொண்டிருக்கிறது. இந்நோய் முற்றினால் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் மூளையையும் தாக்கும். அந்நேரத்தில் பேதியும் பட்டினியும் எஞ்சியிருக்கும் நீரையும் வற்றச் செய்து சிறுநீரகத்தின் சுமையைக் கூட்டுகின்றன. சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்பவர் பட்டினி கிடந்தால், இரத்தத்தில் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கமும் வரக்கூடும்.

அப்படியானால் மருந்துக்கு முன் ஆயத்தமே வேண்டாமா? வேண்டும். ஆனால் அது நாட்கணக்கில் செய்வதன்று. மருத்துவரிடம் புறப்படும் ஒரு மணி நேரத்துக்குள் செய்து முடிப்பது.

முதலாவது, உடலைப் பார்த்தல். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, மார்பின் கீழ்மடிப்பு, காதின் பின்புறம், தலைமயிரின் உட்புறம் ஆகிய இடங்களை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கருத்த சிறு புண் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். நாளுக்கு நாள் வட்டமாக விரியும் தடிப்பு இருந்தால் அதுவும் முக்கியம். லைம் நோயில் அது கடித்த 3 முதல் 30 நாட்களுக்குள் தோன்றும். நூல்களில் அதனைச் சிவந்த வட்டம் என்று எழுதுவர். நம்முடைய மாநிறத் தோலில் சிவப்புத் துலங்காமல், கருமை கலந்த நிழல் போலவே தெரியலாம்.

உண்ணி ஒட்டியிருந்தால், மண்ணெண்ணெய் ஊற்றுவதும் தீக்குச்சியால் சுடுவதும் கூடாது. நுனி கூரிய சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மெல்ல இழுத்து எடுத்து, அவ்விடத்தைச் சோப்பினால் கழுவுங்கள். உண்ணி உடனே நோயைச் செலுத்திவிடுவதில்லை. லைம் கிருமி உடலில் புகுவதற்குப் பெரும்பாலும் ஒரு நாளைக்கு மேல் அது ஒட்டியிருக்க வேண்டும். ஆதலால் அன்றன்றைக்குப் பார்த்து எடுப்பதே பெருங்காப்பு.

இரண்டாவது, நினைவைத் திரட்டுதல். கடந்த ஒரு மாதத்தில் எங்கே போனோம்? ஊருக்குப் போனோமா, தோட்டத்தில் படுத்தோமா, புல் அறுத்தோமா, மலையேறினோமா? இதுதான் வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு மிக மிக வேண்டியது. பொங்கலுக்கு ஊர் சென்று திரும்பி, பத்தாம் நாள் தில்லியிலோ மும்பையிலோ காய்ச்சலில் விழுந்தால், அங்குள்ள மருத்துவர் அந்நகரத்தில் பரவும் காய்ச்சல்களையே முதலில் எண்ணுவார். பாலக்காட்டு எல்லையில் ஒரு வாய்க்கால் கரை இருப்பது அவருக்கு எவ்வாறு தெரியும்? சொல்ல வேண்டியவர் நாம்தான். நோயின் பெயரை அவர் மொழியில் சொல்லத் தெரியாவிட்டாலும், போன இடத்தையும் நாளையும் சொன்னால் போதும்.

மூன்றாவது, உண்ணும் மருந்துகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுதல். கர்ப்பம் தரித்திருந்தால், பாலூட்டுபவராயிருந்தால், முன்பு ஏதேனும் மருந்து ஒவ்வாமல் போயிருந்தால் அதனை முதலிலேயே கூறிவிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வேறு மருந்தை மருத்துவர் தேர்வார். இரத்தம் உறைதலைத் தடுக்கும் மாத்திரை உண்பவர் அதனையும் சொல்ல வேண்டும். அதுவரையில் வலிக்கென்று கடையில் ஆஸ்பிரின் போன்றவற்றை வாங்கி விழுங்காதிருப்பது நன்று. காய்ச்சல் டெங்குவாகவோ குரங்குபனியாகவோ இருந்தால் அது இரத்தக் கசிவை மிகுவிக்கும்.

நான்காவது, ஆகாரம். பட்டினி வேண்டாம். நீர்த்த கஞ்சி, இளநீர், உப்பும் சர்க்கரையும் அளவாய்க் கலந்த நீர் என்று ஏற்கும் வரை கொடுத்துக்கொண்டே இருங்கள். டாக்ஸிசைக்ளின் எழுதித் தந்தால், வயிறு காலியாக இல்லாமல் சிறிது உண்டபின், ஒரு தம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்கி, அரைமணி நேரமாவது படுக்காமல் நிமிர்ந்து உட்கார வேண்டும். இல்லையேல் மாத்திரை தொண்டைக்குழாயில் தங்கிப் புண்ணாக்கும். பாலுடன் அதை உண்ணாதீர்கள். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளையும், நெஞ்செரிச்சல் மருந்தையும் இதனுடன் சேர்க்காமல், எத்தனை மணி நேரம் விட்டு உண்பது என்று மருத்துவரைக் கேளுங்கள். அவை அதனைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடா. இம்மருந்து உண்ணும் நாட்களில் வெயிலில் தோல் எளிதில் கருகும். வயல் வேலை செய்வோர் உடலை மூடிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, மனத்தின் ஆயத்தமும் ஒன்று உண்டு. லைம் நோயில், மருந்து தொடங்கிய முதல் நாளிலேயே சிலருக்குக் காய்ச்சலும் நடுக்கமும் சற்று மிகும். கிருமிகள் அழிவதால் வரும் எதிர்விளைவு அது. பொதுவாக ஒரு நாளில் அடங்கிவிடும். மருந்து ஒவ்வவில்லை என்று நாமே நிறுத்திவிடாமல் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஸ்க்ரப் டைஃபஸிலோ, தக்க மருந்து தொடங்கினால் பெரும்பாலோர்க்கு இரண்டு நாட்களில் காய்ச்சல் தணிகிறது. தணியாவிட்டாலும், மூச்சுத் திணறலோ குழப்பமோ தோன்றினாலும் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. காய்ச்சல் நின்றுவிட்டது என்று மாத்திரைகளைப் பாதியில் நிறுத்துவதும் தவறு.

இரத்தச் சோதனையின் முடிவு வந்த பிறகுதான் மருந்து என்பதும் இல்லை. இந்நோய்களில் முதல் வாரச் சோதனை சில வேளை நோயைக் காட்டுவதில்லை. அறிகுறியைக் கண்டு உடனே மருந்து தொடங்குவது மருத்துவர் கடமை. அறிகுறியைக் கண்ணுக்குக் காட்டுவது நம் கடமை. நோயின் அளவோடு நோயாளியின் அளவையும் காலத்தையும் எண்ணிப் பார்த்தே சிகிச்சை செய்ய வேண்டும் என்று வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் வகுத்திருக்கிறார். நாம் எளிதில் மறப்பது அந்த மூன்றாவதை, காலத்தை.

நேயர்களே, நம் பெற்றோரும் உற்றோரும் ஊரிலிருந்து தொலைபேசியில் அழைத்து “காய்ச்சல்” என்று சொல்லும்போது, தூரத்தில் இருக்கும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கே: எத்தனை நாளாயிற்று? உடலெங்கும் பார்த்தீர்களா? சிறுநீர் போகிறதா? தண்ணீர் குடிக்கிறாரா? இவற்றைக் கேட்டுவிட்டு, “இன்றே போங்கள்” என்று சொல்லுங்கள். நான் அன்று கேட்கவில்லை.

சென்ற முறை ஊருக்குப் போயிருந்தேன். மாமா இப்போதும் ஆடு வளர்க்கிறார். புல் அறுத்துத் திரும்பியதும் உடுப்பை மாற்றி, சோப்புப் போட்டுக் குளித்துவிட்டே திண்ணையில் உட்காருகிறார். பக்கத்து வீட்டுப் பையனுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்ட அம்மாயி, கோலை ஊன்றிக்கொண்டு அங்கே சென்று, “இடுப்பைப் பார்த்தீர்களா?” என்றுதான் முதலில் கேட்டார்.